நான்கு பவுண்டு பழங்கயிறு

அடித்து இளக்காத பழங்கயிறு என்றால் 4 பவுண்டு. அடித்து இளக்கியது என்றால் 8 பவுண்டு. பெண்களுக்கு இதில் பாதி. இங்கிலாந்தில் 1882-இல் வந்த விதி இது. வேலையும் வீடும் இல்லாமல் ஊர் ஊராக நடந்து திரிந்த ஒருவர், பொழுது சாய்ந்ததும் ஏழையர் விடுதியின் கதவைத் தட்டி ரொட்டியும் படுக்க இடமும் கேட்டால், மறுநாள் முழுக்க உட்கார்ந்து அந்தக் கயிற்றை விரலாலேயே நார் நாராகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். அதற்கும் அடுத்த நாள் காலை 9 மணிக்குத்தான் வெளியே விடுவார்கள். சில விடுதிகளில் கயிற்றுக்குப் பதில் கல் உடைக்கும் வேலை. 4 பவுண்டு என்பது இரண்டு கிலோவுக்கும் சற்றுக் குறைவு. தராசில் வைத்துப் பார்த்தால் பெரிதாகத் தெரியாது. தாரில் ஊறி, உப்பிலும் வெயிலிலும் பல ஆண்டு கிடந்து இறுகிய கயிற்றில் அந்த எடையைப் பிரித்து முடிப்பதற்குள் நகக்கண்ணில் இரத்தம் கட்டிவிடும்.

இப்படிப் பிரித்தெடுத்த நாருக்கு ஓக்கம் என்று பெயர். மரக்கப்பலின் பலகைகளுக்கு நடுவே இருக்கும் சந்துகளில் இதைத்தான் திணித்து அடைத்தார்கள். உலகத்துக் கடல்களையெல்லாம் ஆண்ட பிரிட்டிஷ் கப்பற்படை தண்ணீருக்கு மேலே நின்றது இந்த நாரின் புண்ணியத்தில். கப்பல் வரலாறு எழுதுகிறவர்கள் பீரங்கிக்கும் பாய்மரத்துக்கும் அத்தியாயம் அத்தியாயமாக ஒதுக்கிவிட்டு, ஓக்கத்தை ஒரே வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் சரித்திரம் நடத்தியவள் நான். அந்த ஒரு வரி என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அதற்கு என் பிறப்பும் ஒரு காரணம்.

நான் தூத்துக்குடியில் கலப்பத்து வேலைக்காரர் ஒருவரின் மகள். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப் போகும் தோணிகளைக் கரையேற்றி, பலகைச் சந்துகளில் இருக்கும் பழைய அடைப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக அடைப்பதுதான் அப்பாவின் தொழில். எங்கள் பக்கத்தில் அடைப்பதற்குப் பஞ்சு. அம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பஞ்சைத் தூசி தட்டி, இழுத்து, தொடையில் வைத்து உருட்டி நீளத் திரியாக்கிக் கொடுப்பார். அப்பா அதைச் சந்தில் வைத்து உளியால் அழுத்தி, கொட்டாப்புளியால் அடித்து இறக்குவார். மேலே குங்கிலியத்தை எண்ணெயோடு காய்ச்சிப் பூசுவார்கள். அம்மாவின் திரிக்குக் கூலி உண்டு. அது குறைந்த கூலிதான். ஆனால் அந்த வேலைக்காக அவரை யாரும் தலைகுனிய வைத்ததில்லை. இதை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. இங்கிலாந்தின் ஓக்கக் கொட்டகைகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோது, நான் பார்த்து வளர்ந்த அதே வேலை அங்கே தண்டனையாக்கப்பட்டிருப்பதைக் கண்டேன்.

முதலில் அந்த வேலை எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். கப்பலின் பலகைகளை எவ்வளவு நெருக்கி அறைந்தாலும் நீர் உள்ளே வரும். அதனால் பலகையின் விளிம்பைச் சற்றுச் சாய்த்துச் செதுக்கி, உள்பக்கம் ஒன்றையொன்று தொடும்படியும் வெளிப்பக்கம் கொஞ்சம் விலகி நிற்கும்படியும் பூட்டுவார்கள். அந்த விலகலுக்குள் ஓக்கத் திரி இறங்கும். சந்து அகலமாக இருந்தால் திரியைச் சுருக்கிச் சுருக்கி உள்ளே தள்ள வேண்டும். குறுகலாக இருந்தால் இழுத்து நீட்டி வைக்க வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாகப் பல திரிகள் இறங்கிய பிறகு, நீண்ட கைப்பிடி போட்ட உளியை ஒருவர் பிடிக்க, இன்னொருவர் பெரிய சம்மட்டியால் அடித்து இறுக்குவார். அதற்கு மேல் கொதிக்கும் கீல். கப்பல் தண்ணீரில் இறங்கியதும் மரம் ஊறிப் பருக்கும், நார் நெருங்கும், உடல் முழுக்க ஒரே துண்டுபோல விறைத்து நிற்கும். அதனால் அடைப்பு என்பது ஒழுகலை நிறுத்துவதோடு முடியவில்லை. கப்பலுக்கு உறுதியும் அதனால்தான். தளர அடித்தால் ஒழுகும். அளவுக்கு மீறி இறுக்கினால் பலகை பருக்கும்போது ஆணியையே பிடுங்கிவிடும். எது போதும் என்று சொல்வது கொட்டாப்புளியின் ஓசை. திரி இறங்க இறங்க அதன் சத்தம் மாறும். அப்பா கண்ணால் பார்த்ததைவிடக் காதால் கேட்டு வேலை செய்தது அதிகம். ஐரோப்பிய வேலைக்காரர்களின் கொட்டாப்புளித் தலையில் நீளவாட்டில் வெட்டு விட்டிருப்பார்கள், ஓசை கணீரென்று எழும்புவதற்கு.

இந்தக் கைத்தொழிலுக்கு ஐரோப்பாவில் நெடிய மரியாதை இருந்தது. வெனிஸ் நகரத்தின் அரசுக் கப்பல் துறையில் அடைப்பு வேலைக்காரர்களுக்குத் தனிச் சங்கம் உண்டு. அந்தத் துறையில் குளிர்காலத்தில் கீல் கொதிப்பதையும் பழைய கப்பல்களை அடைப்பதையும் கவிஞர் டாந்தே தம் நரகக் காண்டத்தில் உவமையாக எடுத்துக்கொண்டார். வடக்கே நார்வேக்காரர்கள் ஆட்டு ரோமத்தைத் தாரில் தோய்த்து அடைத்தார்கள். சீனத்தில் சுண்ணாம்பையும் துங் எண்ணெயையும் நாரோடு பிசைந்தார்கள். ஊருக்கு ஊர் கைக்கு எது கிடைத்ததோ அது. பிரிட்டனுக்குக் கிடைத்தது பழைய கயிறு. அதுவும் மலை மலையாக.

விக்டரி என்ற ஒரு போர்க்கப்பலுக்கு மட்டும் ஏறக்குறைய 42 கிலோமீட்டர் நீளக் கயிறு தேவைப்பட்டது. அதற்கான சணல், கஞ்சாச் செடியின் இனத்திலிருந்து எடுக்கும் முரட்டு நார், பெரும்பாலும் ரஷ்யாவிலிருந்து ரீகா, பீட்டர்ஸ்பர்க் துறைமுகங்கள் வழியாக வந்தது. தார் வந்தது சுவீடனிலிருந்தும் பின்லாந்திலிருந்தும். அங்கே குடியானவர்கள் ஊசியிலை மரத்தின் வேரையும் கட்டையையும் மண்மூடிப் புகையவிட்டு அதை வடித்தார்கள். 1648-இல் சுவீடன் இந்த வணிகத்தை ஒரே கம்பெனியின் கையில் கொடுத்துவிட, விலை ஏறியது. இதிலிருந்து தப்பிக்க இங்கிலாந்து 1705-இல் தன் அமெரிக்கக் குடியேற்றங்களின் தாருக்கு ஊக்கத்தொகை அறிவித்தது. ஒரு பேரரசின் நிம்மதி தார்ப்பீப்பாயில் தொங்கிக்கொண்டிருந்தது என்று சொன்னால் மிகையாகாது.

இங்கிலாந்தின் சாத்தம் கப்பல் துறையில் கயிறு திரிப்பதற்கென்று 1786 முதல் 1791 வரை கட்டிய கூடம் 346 மீட்டர் நீளம். இன்றும் அதில் கயிறு திரிக்கிறார்கள். கடற்படைக் கயிறுகளுக்குள் திருட்டைக் கண்டுபிடிக்க ஓர் அடையாள இழையைச் சேர்த்துத் திரிப்பார்கள். அந்த இழை தெரிகிற துண்டு ஒருவர் வீட்டில் கிடைத்தால் அது அரசாங்கச் சொத்து. நைந்துபோன கயிற்றுக்கும் இதே கணக்குத்தான். பாரம் தாங்க முடியாமல் போனதும் அதைத் துண்டு துண்டாக வெட்டினார்கள். துறைமுகக் கிடங்கிலிருந்து மூட்டையாகக் கிளம்பிச் சிறைக்கும் ஏழையர் விடுதிக்கும் போனது. அங்கே ஓக்கமாகி மீண்டும் கப்பலுக்கே வந்தது. ஒரே நார் கொடிமரத்தைத் தாங்கிவிட்டு, பிறகு அடித்தட்டுப் பலகையில் தண்ணீரையும் தடுத்தது. சிக்கனம் என்ற அளவில் இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நடுவில் அந்த மூட்டை தங்கிய இடங்களைப் பற்றித்தான் பேச வேண்டும்.

லண்டனின் கோல்ட்பாத் ஃபீல்ட்ஸ் சிறையில் 1834 முதல் மௌன விதி அமலில் இருந்தது. கைதிகள் ஒருவரோடு ஒருவர் ஒரு சொல்லும் பேசக்கூடாது, சைகையும் கூடாது. ஹென்றி மேஹியூவும் ஜான் பின்னியும் சேர்ந்து 1862-இல் வெளியிட்ட லண்டன் சிறைகளைப் பற்றிய நூலில் அந்தச் சிறையின் ஓக்கக் கூடத்தின் படம் இருக்கிறது. கூரை உயர்ந்த ஒரு பெரிய கொட்டகையில், வரிசை வரிசையாகப் போட்ட பலகைகளில் நூற்றுக்கணக்கானவர்கள் குனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள். கண்காணிப்பவர்கள் உயரத்தில். கயிற்றுத் துண்டை முதலில் புரி பிரிக்க வேண்டும். ஒவ்வொரு புரியையும் முழங்காலில் வைத்து உள்ளங்கையால் முன்னும் பின்னும் உருட்ட வேண்டும், இறுக்கம் விடும்வரை. இருப்புக் கொக்கி ஒன்றைக் காலில் கட்டிக்கொண்டு அதில் கோத்து இழுப்பதும் உண்டு. பிறகு இழை இழையாகக் கிள்ளிப் பிரித்து, பஞ்சுபோல் ஆனபின் தராசுக்குக் கொண்டுபோக வேண்டும். புழுதி மூக்கில் ஏறும். தார் விரலில் கறையாகப் படியும்.

சிறைகளில் அப்போது வேறு கொடுமைகளும் இருந்தன. ஒன்றையும் அரைக்காமல் வெறுமனே சுற்றும் சக்கரத்தில் ஏறி நடக்கவிட்டார்கள். அந்தச் சக்கரத்தின் பயனின்மை எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது, எதிர்த்துப் பேசினார்கள். ஓக்கம் அப்படியல்ல. அது பயனுள்ள பொருள், கப்பலுக்கு வேண்டியது, விற்றால் காசு. அந்தப் பயன் ஒரு திரைபோல முன்னால் நின்றதால்தான் அந்த வேலை அவ்வளவு காலம் கேள்வி இல்லாமல் நீடித்தது என்று நினைக்கிறேன். 1895-இல் இரண்டாண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்ட ஆஸ்கார் வைல்டு பென்டன்வில் சிறையில் ஓக்கம் பிரித்தார். எழுத்தாளர் என்பதால் அவருடைய நகத்தைப் பற்றி உலகம் அறிந்துகொண்டது. பக்கத்து அறையில் அதே கயிற்றைப் பிரித்தவரின் பெயர் நமக்குத் தெரியாது.

எனக்கு இதில் எதைவிடவும் பொறுக்க முடியாதது, திருடியவருக்குக் கொடுத்த அதே வேலையைப் பசித்தவருக்கும் கொடுத்ததுதான். 1834-இன் ஏழையர் சட்டம் வேண்டுமென்றே விடுதியை வெளியுலகத்துக் கூலி வாழ்க்கையைவிடக் கடினமாக வைத்தது. அப்போதுதான் யாரும் எளிதில் உதவி கேட்டு வரமாட்டார்கள் என்று. முதியவர், விதவை, வேலை இழந்த நெசவாளர் என்று எல்லோர் முன்னும் பழங்கயிறு வந்து விழுந்தது. சார்லஸ் டிக்கன்ஸ், ஒன்பது வயதுச் சிறுவன் ஆலிவர் டுவிஸ்டை விடுதிக்கு அனுப்பும்போது முதல் வேலையாக ஓக்கம் பிரிக்கத்தான் வைக்கிறார். வாசகர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. 1837-இல் அந்தச் சொல்லைக் கேட்டதுமே விஷயம் புரிந்துவிடும்.

லிவர்பூலின் பிரவுன்லோ ஹில் விடுதி இங்கிலாந்தின் மிகப் பெரிய ஏழையர் விடுதிகளில் ஒன்று. இப்போது அந்த மேட்டில் கத்தோலிக்கப் பேராலயம் நிற்கிறது. 1866-இல் ஜோசபின் பட்லர் என்ற பெண்மணி கணவருக்கு அங்கே கல்லூரித் தலைமை கிடைத்ததால் அந்த ஊருக்குக் குடிவந்தார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் அவருடைய ஒரே மகள், சின்னக் குழந்தை, மாடிப்படிக் கைப்பிடியிலிருந்து விழுந்து கண்ணெதிரிலேயே இறந்துபோயிருந்தாள். தன் துக்கத்தைவிடப் பெரிய துக்கம் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டு அவர் வீட்டைவிட்டு வெளியே வந்தார். போய்ச் சேர்ந்த இடம் அந்த விடுதியின் ஓக்கக் கொட்டகை.

ஒளி குறைந்த நிலவறைபோன்ற இடத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட பெண்கள் தரையில் உட்கார்ந்து கயிறு பிரித்துக்கொண்டிருந்ததாகப் பின்னாளில் எழுதினார். சிலர் தண்டனைக்கு வந்தவர்கள். பலர் பசிக்காக, சில இரவுகள் தலைசாய்க்க இடத்துக்காகத் தாமாகவே வந்தவர்கள். உபதேசம் செய்யப் பல சீமாட்டிகள் அங்கே போனதுண்டு. பட்லர் தரையில் அவர்களோடு உட்கார்ந்து ஒரு துண்டுக் கயிற்றைக் கையில் எடுத்துப் பிரிக்க ஆரம்பித்தார். பெண்கள் சிரித்தார்கள், இந்த வேலைக்கு உங்கள் விரல் உதவாது என்று கேலி செய்தார்கள். அந்தச் சிரிப்பில் பேச்சு தொடங்கியது. பின்பு அவர்களில் நோயுற்ற சிலரைத் தன் வீட்டுக்கே அழைத்துவந்து வைத்துக்கொண்டார்.

இந்தச் சம்பவத்தைப் படிக்கும்போதெல்லாம் அம்மாவின் தொடையில் உருண்ட பஞ்சுத் திரிதான் எனக்கு நினைவுக்கு வரும். அம்மாவிடம் அந்தப் பெண்மணி வந்து உட்கார்ந்திருந்தால் அம்மாவும் சிரித்திருப்பார். ஆனால் அது தொழில் தெரிந்தவரின் சிரிப்பு. பிரவுன்லோ ஹில் பெண்களின் சிரிப்பிலும் அது கொஞ்சம் இருந்தது என்று நம்ப விரும்புகிறேன். அவமானமாகத் திணிக்கப்பட்ட வேலையிலும் விரல் தானாகக் கற்றுக்கொண்ட ஒரு திறமை இருந்தது. அதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

பட்லரை அந்தக் கொட்டகை விட்டுவிடவில்லை. கப்பற்படைத் துறைமுகங்களிலும் படை ஊர்களிலும் ஏழைப் பெண்களைப் பிடித்துக் கட்டாய உடற்சோதனை செய்ய அதிகாரம் கொடுத்த சட்டங்களை எதிர்த்து ஊர் ஊராகப் பேசினார். 1886-இல் அவை ரத்தாயின. இந்தியாவின் படை முகாம்களில் அதே முறை தொடர்ந்தபோது அதையும் எதிர்த்தார். இங்கிலாந்தில் அந்தச் சட்டங்களின் கீழ் வந்த ஊர்களில் போர்ட்ஸ்மத்தும் பிளிமத்தும் சாத்தமும் உண்டு. ஓக்கத்தைத் தின்று வளர்ந்த அதே கப்பல் துறைகள்.

பட்லர் கொட்டகைக்குள் போன அந்தக் காலத்திலேயே மரக்கப்பலின் நாட்கள் எண்ணப்பட்டுவிட்டன. 1860-இல் இரும்பு உடல் கொண்ட வாரியர் என்ற போர்க்கப்பல் கடலில் இறங்கியிருந்தது. இரும்புக் கப்பலுக்கும் மேல்தளம் மரப்பலகைதான் என்பதால் ஓக்கம் அடியோடு மறையவில்லை. ஆனால் தேவை சுருங்கியது. தேவை சுருங்கிய பிறகும் விடுதிகளில் வேலை நிற்கவில்லை. 1902-இல் அமெரிக்க எழுத்தாளர் ஜாக் லண்டன் பரதேசி வேடத்தில் லண்டனின் வைட்சாப்பல் விடுதியில் படுத்து எழுந்தபோதும் சிலரை ஓக்கம் பிரிக்க உட்கார வைத்தார்கள். வேண்டியது நாரா, மனிதரைக் குனிய வைப்பதா என்ற கேள்விக்கு அதுவே பதில்.

தூத்துக்குடிக்காரிக்கு இந்த இடத்தில் இன்னொருவர் நினைவு வராமல் போகாது. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்ட வ.உ. சிதம்பரனாரைக் கோவைச் சிறையில் செக்கிழுக்க வைத்தார்கள் என்பது நம் குழந்தைகளுக்கும் தெரியும். செக்குக்கு முன்பு அவருக்குக் கொடுத்தது சணல் எந்திரம் சுற்றும் வேலை. கைத்தோல் உரிந்து இரத்தம் கசிந்தது. அந்தமானில் இருந்த கைதிகளிடம் தேங்காய் மட்டையை அடித்து நார் எடுக்கச் சொன்னார்கள். நாரையும் கைதியின் விரலையும் முடிச்சுப்போடும் வழக்கம் இங்கிலாந்துச் சிறையிலிருந்து நம் சிறைக்குக் கப்பலேறி வந்த ஒன்று.

இனி, கயிறு பிரித்தவர்களை விட்டு அடித்து இறக்கியவர்களிடம் வருகிறேன். அவர்களில் ஒருவர் ஃப்ரெட்ரிக் டக்ளஸ். அமெரிக்காவில் அடிமைமுறையை எதிர்த்துப் பேசிய மாபெரும் பேச்சாளராகத்தான் அவரை நாம் படிக்கிறோம். அவர் கற்ற தொழில் கலப்பத்து.

1836-இல் பால்டிமோர் துறைமுகத்தில் ஒரு கப்பல் பட்டறையில் அடிமை இளைஞனாக அவரை வேலைக்கு விட்டிருந்தார்கள். வெள்ளைத் தச்சுப் பையன்கள் நால்வர் சேர்ந்து அடித்ததில் ஒரு கண்ணே போயிருக்கும். அதன்பின் எஜமானர் வேறொரு பட்டறைக்கு மாற்றினார். அங்கேதான் உளியும் கொட்டாப்புளியும் கைக்கு வந்தன. ஓர் ஆண்டுக்குள் கைதேர்ந்த வேலைக்காரருக்கான முழுக்கூலி, நாளுக்கு ஒன்றரை டாலர், அவருக்குக் கிடைத்தது. வாரக் கடைசியில் அத்தனையையும் எஜமானர் கையில் எண்ணி வைக்க வேண்டும். 6 டாலர் கொண்டுவந்த வாரத்தில் சில சமயம் எஜமானர் 6 சென்ட் திருப்பிக் கொடுப்பார், ஊக்கப்படுத்த. அந்த 6 சென்ட், முழுக்கூலியும் தனக்குரியது என்று எஜமானரே ஒப்புக்கொண்டதுபோல் தனக்குப் பட்டதாக டக்ளஸ் எழுதியிருக்கிறார்.

1838 செப்டம்பர் 3 அன்று மாலுமி உடையில், கடன் வாங்கிய மாலுமிச் சான்றோடு அவர் தப்பினார். கப்பல் பட்டறையில் கேட்டுப் பழகிய கடல் பேச்சு அந்தப் பயணத்தில் அவரைக் காப்பாற்றியது. சுதந்திர மண் என்று வந்து சேர்ந்த நியூ பெட்ஃபோர்டு திமிங்கில வேட்டைக் கப்பல்களின் ஊர். அடைப்பு வேலைக்குக் குறைவே இல்லை. நாளுக்கு 2 டாலருக்கு ஒரு கப்பலில் வேலையும் கிடைத்தது. இந்தக் கறுப்பர் ஒரு அடி அடித்தாலும் நாங்கள் எல்லோரும் இறங்கிப் போய்விடுவோம் என்று வெள்ளை வேலைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். கையில் அவ்வளவு தேர்ச்சி வைத்துக்கொண்டு அவர் விறகு அறுத்தார், நிலக்கரி அள்ளினார். நாள்கூலி ஒரு டாலர்.

பால்டிமோரில் அவரோடு வேலை செய்த கறுப்பு அடைப்புக்காரர்கள் பெரும்பாலும் சுதந்திர மனிதர்கள். தங்களுக்குள் சங்கம் வைத்திருந்தார்கள். கூலியைத் தாங்களே பேசி முடித்தார்கள். அந்தத் துறைமுகத்தில் இந்தத் தொழிலே அவர்கள் கையில்தான் இருந்தது. அடிமைமுறை ஒழிந்த அதே 1865-இல் வெள்ளைத் தச்சர்கள் வேலைநிறுத்தம் செய்து அவர்களைப் பட்டறைகளிலிருந்து துரத்தினார்கள். அடிமைமுறை இருந்தவரை சகித்த கையை அது ஒழிந்ததும் சகிக்கவில்லை.

துரத்தப்பட்டவர்களில் ஐசக் மையர்ஸ் என்ற அடைப்பு வேலைக்காரர் ஒரு யோசனை சொன்னார்: வேலை கொடுக்க ஆளில்லை என்றால் பட்டறையையே வாங்கிவிடுவோம். கறுப்பினத் தொழிலாளர்களிடம் சிறு சிறு பங்குகளாக விற்று 10,000 டாலர் சேர்த்தார்கள். 1866-இல் செசபீக் மெரைன் ரயில்வே அண்ட் டிரை டாக் கம்பெனி பிறந்தது. 40,000 டாலர் விலையுள்ள பட்டறை. மீதிக் கடனை ஐந்து ஆண்டுகளில் அடைத்தார்கள். 300 பேர்வரை வேலை செய்தார்கள். நாள்கூலி 3 டாலர். அரசாங்கக் கப்பல்களும் பழுதுபார்க்க அங்கே வந்தன. இரும்பு நீராவிக் கப்பல்கள் பெருகி அடைப்பு வேலை அருகியதும், நிலவாடகைச் சுமை ஏறியதும் சேர்ந்து 1884-இல் அதை மூடவைத்தன.

பால்டிமோரின் ஃபெல்ஸ் பாயிண்ட் கரையில் இன்று டக்ளஸ், மையர்ஸ் இருவர் பெயரிலும் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. லண்டன் கோல்ட்பாத் ஃபீல்ட்ஸ் சிறையை இடித்துவிட்டு அந்த இடத்தில் அஞ்சல் நிலையம் கட்டினார்கள். பிரவுன்லோ ஹில் கொட்டகையில் ஓக்கம் பிரித்த பெண்களுக்கு எங்காவது ஒரு பெயர்ப்பலகை வைக்கத்தான் வேண்டும். இன்ன கப்பலுக்கு இன்னார் நார் எடுத்தார் என்று எந்தப் பேரேட்டிலும் எழுதவில்லை என்பதால், அந்தக் காலத்தில் மிதந்த எந்தக் கப்பலின் பெயரையும் அதில் போட்டுக்கொள்ளலாம்.